கீழே யார் பெயர்?

போன செவ்வாய்க்கிழமை ஒரு நோட்டீஸ் அடிப்பதற்காகத் தண்டையார்பேட்டையில் மூன்று பிரஸ் ஏறி இறங்கினேன். வாசகத்தைப் படித்ததும் மூவருமே மெஷின் ரிப்பேர் என்றார்கள். உள்ளே மெஷின் ஓடுகிற சத்தம் நன்றாகவே கேட்டது!

வாசகம் இதுதான் — 'சூசையை விடுதலை செய்.'

யார் இந்தச் சூசை? ராயபுரத்தில் சூசை பிரஸ் நடத்துகிறவர். காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, மாதா கோயில் திருவிழா... எல்லாம் அவர் அடித்ததுதான். என் கல்யாணப் பத்திரிகையும்.

எட்டு மாதம் முன்பு, ஆலைப் புகையை எதிர்த்துத் திருவொற்றியூரில் கூட்டம் போட்டவர்களுக்கு நோட்டீஸ் அடித்துக் கொடுத்தார். கூட்டத்தில் தள்ளுமுள்ளு. பயங்கரவாதிகளுக்கென்று போட்ட ஊபா சட்டத்தில் அவர்களோடு இவரையும் பிடித்துப் புழல் சிறையில் வைத்துவிட்டார்கள்.

எப்படிக் கண்டுபிடித்தார்கள்? நோட்டீஸின் அடியில் 'சூசை பிரஸ், ராயபுரம்' என்று இருந்ததே! அச்சடித்தவர் பெயரைப் போட வேண்டும் என்பது ஒரு சட்டம். மனுஷர் அதை ஒழுங்காக மதித்தார். அதை வைத்தே இன்னொரு சட்டம் அவரைத் தூக்கிவிட்டது.

இதில் ஜாமீன் குதிரைக்கொம்பு. விசாரணை எப்போது என்று வக்கீலுக்கே தெரியவில்லை. தீர்ப்புக்கு முன்பே தண்டனையா? வயிறு எரிகிறது.

கடைசியில் சூசை பிரஸுக்கே போனேன். அவர் மனைவி பிலோமினாதான் இப்போது மெஷின் ஓட்டுகிறார். அடித்துத் தருகிறேன் என்றார். பிரஸ் பெயர் மட்டும் வேண்டாம், உங்களுக்கும் வம்பு என்றேன்.

"பேரு போடாம அடிக்கிறது தப்பு சார். அந்த மன்சன் ஒரு துண்டு நோட்டீஸ்கூட அப்டி அட்ச்சதில்ல."

வாசகத்தின் கீழே 'இவண்' என்று எழுதிவிட்டு நிமிர்ந்தார்.

"இங்க உங்க பேரு போட்டுக்கட்டா சார்?"

வாராவாரம் இந்தப் பத்தியில் போட்டோவோடு வீரமாக எழுதுகிறவன் நான். ஆனால் அப்போது மகளின் வேலை, கட்டிக்கொண்டிருக்கும் மாடி... என்னென்னவோ ஞாபகம் வந்தது. 'பொதுமக்கள்' என்று போடச் சொன்னேன். அவர் அப்படியே போட்டார்.

அந்தச் சட்டம் பிடித்து உள்ளே வைத்தவர்களைப் பற்றித்தான் பேசுகிறோம். அது பிடிக்காமலே வாயடைத்துப் போனவர்களில் என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வெட்கமாக இருக்கிறது.

அதுதான் இங்கே எழுதிவிட்டாயே என்கிறீர்களா? நோட்டீஸ் நேற்றே ஒட்டியாயிற்று. தலைப்பில் சூசை பெயர். அடியிலும் சூசை பெயர்தான்.