"உண்டு, உண்டு" என்றேன்

நான்கு வருடத்துக்கு முன், ஜூன் மாதம். பள்ளிக்கூடம் திறந்த இரண்டாவது வாரம். கேரளத்துப் பாறசாலையிலிருந்து செங்கல் ஊருக்குப் போகும் வழியில் ஒரு சின்ன ஜங்ஷனில் எனக்குத் தையல் கடை. அடுத்தது வாடகைச் சாமான் கடை. அந்தப் பக்கத்துக் கல்யாணத்துக்கும் சாவுக்கும் பந்தல், நாற்காலி, பாத்திரம் எல்லாம் அங்கிருந்துதான் போகும். அந்தக் கடைக்காரரைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

ஐம்பது வயதுகூட ஆகவில்லை. யார் இறந்தாலும், ஆள் வந்து கேட்கும் முன்பே அவர் வண்டியில் நாற்காலி ஏறிவிடும். "மக்கா, சாவு வீட்டுக்காரன் கசேரைக்கு வந்து நிக்கப்பிடாது. கேக்கதுக்கு முன்ன நாம போய் போடணும், அதாக்கும் முறை" என்று வேலையாட்களிடம் சொல்வது என் மெஷின் சத்தத்தையும் தாண்டிக் கேட்கும். ஆனால் மாலை ஏழு மணிக்கு வீட்டில் ஜெபம். எந்தக் கொம்பன் வீட்டுக் கல்யாணமானாலும் ஷட்டர் இறங்கிவிடும். இரண்டு பெண் பிள்ளைகள். அவர்களுடைய யூனிஃபார்ம் பாவாடை குட்டையாகிவிட்டால் மடிப்பை இறக்க அவரேதான் கொண்டுவருவார். முடியும்வரை நின்று, தையலை இழுத்துப் பார்த்துத்தான் வாங்குவார். எனக்கு எரிச்சலாக வரும். "எனக்க தையல் உங்க பந்தலைவிட உறப்பாக்கும்" என்பேன். சிரிப்பார்.

அன்று காலை பதினொரு மணி இருக்கும். ஒரு சாவு வீட்டுக்கு நாற்காலி ஏற்றிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். வேர்த்துக் கொட்டியது. மூச்சு இரைத்ததில் பேச முடியவில்லை. வீடு கடைக்குப் பின்னால்தான், அவர் மனைவி ஓடிவந்தாள். வேலையாட்களை மிச்சத்தை ஏற்றச் சொல்லிவிட்டு, மூன்று பேருமாக ஆட்டோவில் பக்கத்திலிருந்த ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்குப் போனோம். அவள் திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். வீட்டிலும் தமிழ், சபையிலும் தமிழ் என்று இருந்துவிட்டதால் மலையாளம் ஓடாது. எனக்கோ மலையாளம் தண்ணீர்பட்ட பாடு. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமே உண்டு. நான் முந்திக்கொண்டேன்.

நர்ஸ் வடக்கே எங்கிருந்தோ புதிதாக வந்த பெண். அவர் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்து, "வலிவுண்டோ?" என்று கேட்டாள். வலி உண்டா என்கிறாள் என்று நினைத்து, "உண்டு, உண்டு. நல்லோணம் உண்டு" என்றேன். உடனே முகத்தில் மாஸ்க்கை மாட்டி மருந்துப் புகை பிடிக்க வைத்தார்கள். அவர் கையால் அதைத் தள்ளத் தள்ள, "அடங்கி இரிங்க, இப்ப சரியாவும்" என்று அந்தக் கையைப் பிடித்து அமுக்கியதும் நான்தான். டாக்டர் வந்து, பதறிப்போய், பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும்போது முக்கால் மணி நேரம் போயிருந்தது. மாரடைப்பு, கொஞ்சம் முந்திக் கொண்டுவந்திருக்கலாம் என்றுதான் அங்கே சொன்னார்கள்.

அடக்கத்துக்கு வந்த ஜனம் மழையில் நின்றது. ஊருக்கெல்லாம் நாற்காலி போட்ட மனுஷன் வீட்டில் உட்கார ஒன்று இல்லை. இருந்தது எல்லாம் கடைக்குள். அந்த ஷட்டரைத் தூக்க வேலையாட்கள் ஒருவருக்கும் கை வரவில்லை.

ஆறு மாதம் கழித்து என் மகளின் குழந்தைக்கு மூச்சிழுப்பு வந்தது. தூக்கிக்கொண்டு வேறொரு டாக்டரிடம் ஓடினோம். "குஞ்ஞினு வலிவுண்டோ?" என்றார். "வேதன ஒண்ணும் இல்ல டாக்டரே, ஸ்வாசம்முட்டலாணு" என்றேன். அவர் சிரித்துவிட்டார். "அது தன்னெயாணு சேச்சீ வலிவு."

வலிவு என்றால் மூச்சிழுப்பு. வலி இல்லை. அந்த நர்ஸ் பெண் இழுப்பு நோய் உண்டா என்று கேட்டிருக்கிறாள், நான் உண்டு உண்டு என்று அடித்துச் சொல்லியிருக்கிறேன். பாவி!

பத்து நாள் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். பிறகு அவர் மனைவியிடமே போனேன். இப்போது கடையை அவள்தான் நடத்துகிறாள். ஈரத்துணியால் ஒரு நாற்காலியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஒன்று விடாமல் சொன்னேன். செருப்பால் அடித்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். அவள் துணியைக் கீழே வைக்கவில்லை.

"அன்னைக்கு அந்த ஆசுபத்திரியில எனக்கு வெளங்குன ஒரே வார்த்தை அந்த வலிதான்க்கா" என்றாள். "நீங்க சொல்லுததுக்கு முன்னாலயே நான் தலையாட்டிட்டேன்."

துடைத்த நாற்காலியையே திரும்பத் திரும்பத் துடைத்தாள். என் பாரத்தை இறக்கி வைக்கப் போன நான், அதுவரை அவளுக்கு இல்லாத ஒன்றை அவள் தலையில் ஏற்றிவிட்டு வந்தேன். சொன்னது சரியா தப்பா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

இப்போதெல்லாம் யார் எதைக் கேட்டாலும், "என்ன கேட்டிய?" என்று இன்னொரு தடவை கேட்காமல் நான் பதில் சொல்வதில்லை. ஆனால் அன்று அந்த மனுஷனின் கை அத்தனை தடவை மாஸ்க்கைத் தள்ளிச் சொன்னதை மட்டும், பிடித்து அமுக்கினேனே தவிர, என்ன என்று கேட்கவே இல்லை.