இரண்டு பொட்டலத்திலும் வெள்ளரளி

அண்ணனுக்காக அய்யனாரிடம் பூக்கட்டிக் கேட்ட அன்று பொட்டலங்களைக் கட்டியவன் நான். ஒன்றில் வெள்ளரளியும் இன்னொன்றில் செவ்வரளியும் வைத்துக் கட்டியிருக்க வேண்டும். நான் இரண்டிலும் வெள்ளரளியை வைத்தேன். இதை வாய்விட்டுச் சொல்ல எனக்குப் பதினோரு வருடம் ஆயிற்று.

எங்கள் ஊர் கண்டரமாணிக்கத்துக்குப் பக்கம். அண்ணன் அங்கேயே இருந்து வயலைப் பார்த்தார். நான் படித்துவிட்டு காரைக்குடிக்கு வந்து, ஓய்வு பெறும் வரை கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்தேன். மாணவனாக இருந்தபோதே சாமி கும்பிடுவதை விட்டுவிட்டேன். அதை யாரிடமும் மறைத்ததில்லை. கோயில் விசேஷத்துக்குப் போனால் வெளியே வேப்பமரத்தடியில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நிற்பேன். திருநீறு நீட்டினால் வேண்டாம் என்று தலையாட்டுவேன். ஊரில் யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. வீட்டுக்கு ஒருவன் இப்படி இருப்பான் என்று விட்டுவிட்டார்கள்.

அண்ணனுக்கு இதயத்துக்குப் போகும் குழாய்கள் அடைத்திருந்தன. மதுரையில் பார்த்த டாக்டர் இரண்டு விஷயத்தையும் ஒளிக்காமல் சொன்னார். அறுவை செய்யாவிட்டால் என்றைக்கு வேண்டுமானாலும் எதுவும் நடக்கலாம். செய்தாலும், இந்த வயதில், இவ்வளவு சர்க்கரையோடு, பிழைப்பார் என்று உறுதி தர முடியாது. நான் முதலாவதை மட்டும் காதில் வாங்கினேன். அண்ணன் இரண்டாவதை மட்டும் வாங்கினார். எங்கள் அப்பாவும் மதுரைக்குப் போய் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வராதவர்தான்.

ஒரு மாதம் அவரோடு மல்லுக்கட்டினேன். படம் வரைந்து காட்டினேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, கடைசியில் அய்யனாரிடம் பூக்கட்டிப் பார்த்துவிடலாம் என்றார். வெள்ளை வந்தால் மறுபேச்சில்லாமல் வருவதாகவும், சிவப்பு வந்தால் இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது என்றும் சொன்னார். பொட்டலங்களை நான்தான் கட்ட வேண்டுமாம்.

"நானா? எனக்கு இதுல நம்பிக்கை இல்லைன்னு தெரியும்ல?"

"அதுனாலதான்டா. நம்புறவன் கட்டுனா உள்ளுக்குள்ள ஆசையோட கட்டுவான். ஒனக்கு வெள்ளையும் ஒண்ணுதான், செவப்பும் ஒண்ணுதான். நேரா கட்டுவ."

அண்ணன் மனைவி, என் மதினியும் அதைத்தான் சொன்னார்.

மறுநாள் காலை கோயிலுக்குப் போனோம். கோயிலுக்குப் பின்னால் ஊருணிக் கரையில் இரண்டு அரளியும் நின்றன. எங்கள் கோயிலில் கட்டுபவன் தனியாக இருந்துதான் கட்ட வேண்டும். இரண்டு துண்டு வாழையிலையும் நாரும் எடுத்துக்கொண்டு நான் மட்டும் போனேன். வெள்ளையில் ஒன்றும் சிவப்பில் ஒன்றுமாகத்தான் பறித்தேன். வெள்ளையை வைத்துக் கட்டி முடித்தேன். சிவப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது, ஒரு நல்ல மனிதனின் உயிர் இந்த இலைக்குள் போய்ச் சிக்கிக்கொள்வது எவ்வளவு கேவலம் என்று தோன்றியது. சிவப்பைக் கீழே போட்டு மண்ணைத் தள்ளி மூடினேன். இன்னொரு வெள்ளையைப் பறித்துக் கட்டினேன். அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. தவறு செய்கிறோம் என்று அப்போது தோன்றவே இல்லை. சரியானதைச் செய்கிற துணிச்சல் எனக்கு மட்டும்தான் இருக்கிறது என்று நினைத்தேன்.

மண்பாண்டமும் செய்து பூசையும் செய்யும் வேளார் இரண்டையும் அய்யனார் காலடியில் வைத்துக் கும்பிட்டு, ஒன்றை எடுத்துப் பிரித்தார். வெள்ளைப் பூவைப் பார்த்ததும் அண்ணன் அழுதுவிட்டார். அவர் அழுது அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது, கட்டியவனே அதை ஊருணியில் விட வேண்டும். இந்த வழக்கம் தெரிந்துதான் இரண்டிலும் வெள்ளையை வைத்தேன். ஆனால் தண்ணீரில் விட்ட பொட்டலம் மூழ்கவில்லை. கரை ஓரமாகவே மிதந்தது. நார் நனைந்து அவிழ்ந்து, எல்லோருக்கும் தெரியும்படி வெள்ளைப் பூ வெளியே வந்துவிடுமோ என்று ஒரு கல்லை எடுத்து எறிந்தேன். கல் தள்ளிப்போய் விழுந்தது. என் பயம் அங்கே தொடங்கியது என்று நினைக்கிறேன்.

மதுரைக்குப் போகிற காரில் அண்ணன் கல்யாணத்துக்குப் போகிறவர் போல இருந்தார். ஆஸ்பத்திரியில் நீட்டிய தாள்களில் எல்லாம் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். "டாக்டருக்குத்தான்டா பயம். இத்தனை கையெழுத்து வாங்குறாரு. நான் மேலிடத்துலயே உத்தரவு வாங்கிட்டு வந்துட்டேன்" என்று என் தோளைத் தட்டினார். நான் சிரித்தேன்.

அறுவை முடிந்த மூன்றாம் நாள் இறந்துபோனார். டாக்டர்கள் அவர்களால் முடிந்ததைச் செய்தார்கள். அதில் எனக்கு இன்றுவரை சந்தேகமில்லை.

காரியமெல்லாம் முடிந்த மறுநாள், மதினி சாமி மாடத்திலிருந்து விளக்கை எடுத்து எண்ணெயைத் துடைத்து, ஒரு துணியில் சுற்றிப் பரணில் வைத்தார். அய்யனார் படத்தைக் கழற்றி அதன் மேல் வைத்தார். சொந்தக்காரப் பெண்கள் பதறிப்போய்த் தடுத்தார்கள். மதினி சத்தம் போடவில்லை.

"வாக்குக் குடுத்துட்டு மாத்திப் பேசுனவனுக்கு என் வீட்ல என்ன வெளக்கு?"

நான் அந்த அறையில்தான் இருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

அதன்பிறகு அவர் கோயில் பக்கமே போகவில்லை. ஆடி, தை எதற்கும் பொங்கல் வைக்கவில்லை. வயலுக்குப் போகும்போது கோயிலைக் கடக்க வேண்டியிருந்தால், முகத்தைத் திருப்பாமல் நேராகப் பார்த்து ஏதாவது திட்டிவிட்டுத்தான் போவார் என்று ஊரில் சொன்னார்கள். அப்படித் திட்டுகிறவருக்கு என்ன ஆகப்போகிறதோ என்று ஊர் பயந்தது. மதினிக்கு ஒன்றும் ஆகவில்லை. பயந்து செத்தவன் நான்.

முதலில் அதைக் குற்ற உணர்ச்சி என்று சொல்லிக்கொண்டேன். டவுன் பஸ் எங்கள் கோயிலைத் தாண்டும்போது நான் மறுபக்க இருக்கைக்கு மாறி உட்காருவேன். வெயில் அடிக்கிறது என்று எனக்கே காரணம் சொல்லிக்கொள்வேன். மழை நாளிலும் மாறி உட்கார்ந்தபோதுதான் அது பொய் என்று புரிந்தது. பிறகு என் மனைவிக்குச் சிறுநீரகம் கெட்டது. டாக்டர் படத்தை வெளிச்சத்தில் காட்டிக்கொண்டிருந்தபோது, என் மனதில் வந்த முதல் வார்த்தை "பூ" என்பதுதான். அவள் இறந்தாள். இது காரணம், இது காரியம் என்று பலகையில் எழுதி எத்தனையோ பேருக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். வீட்டில் கண்ணாடி விழுந்து உடைந்தால் அதற்கு முன்னால் என்ன செய்தேன் என்று தேட ஆரம்பித்தேன். நெஞ்சில் கொஞ்சம் வலித்தாலும் அண்ணனுக்கும் இங்கேதான் வலித்தது என்று விரல் வைத்துப் பார்ப்பேன். நான் எந்த நாளில் நம்ப ஆரம்பித்தேன் என்று எனக்குத் தெரியவில்லை. யோசித்தோ, படித்தோ, ஒரு அற்புதத்தைப் பார்த்தோ அந்த நம்பிக்கை வரவில்லை. அய்யனார்மேல் எனக்குப் பக்தி என்று ஒரு துளியும் இல்லை. அவர் இருக்கிறார் என்ற பயம் மட்டும் இருந்தது.

போன வருடம் ஊரில் புரவி எடுப்பது என்று முடிவு செய்தார்கள். வெகு காலமாக நின்றுபோயிருந்த திருவிழா. மண்ணில் குதிரை செய்து, சுட்டு, வர்ணம் பூசி, தோளில் சுமந்துகொண்டுபோய் அய்யனார் கோயிலில் நிறுத்த வேண்டும். எங்கள் ஊரில் மூத்த பங்காளி வீட்டிலிருந்து ஒரு பிடி மண்ணை வேளார் கையில் கொடுத்தால்தான் அவர் குதிரை செய்யத் தொடங்குவார். அண்ணன் இல்லாததால் அந்தப் பிடிமண்ணைக் கொடுக்க வேண்டியவர் மதினி. அவர் முடியாது என்று சொல்லிவிட்டார். உரிமையை அடுத்த வீட்டுக்கு விட்டுக்கொடுக்கவும் மறுத்துவிட்டார்.

பங்காளிகள் இருவர் காரைக்குடிக்கு என்னைத் தேடி வந்தார்கள். மழை இல்லை, ஊரில் இரண்டு சாவு விழுந்துவிட்டது, சாமி குத்தம் ஆகிவிடும் என்று மூத்தவர் புலம்பினார். மதினி என் பேச்சைத்தான் கேட்பார் என்றார். இளையவன் குறும்புக்காரன்.

"இல்லாத சாமிக்கு ஒரு பிடி மண்ணு குடுத்தா என்ன கொறஞ்சிரும்னு கேளுங்க சித்தப்பா. ஒங்க கட்சி ஆளுதான அவுகளும்."

அவன் விளையாட்டாகத்தான் சொன்னான். நான் காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, போய்ப் பேசுகிறேன் என்றேன்.

இரண்டு நாள் கழித்துப் போனேன். பிற்பகல் வேளை. மதினி முற்றத்தில் உட்கார்ந்து புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். எதற்கு வந்திருக்கிறேன் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

"ஊர்க்காரவுக அனுப்பி வச்சாகளாக்கும். வேற ஆளே கெடைக்கலையா? திருநீறு பூசாத ஆளத் தூது விட்டுருக்காக."

நான் எதிரில் உட்கார்ந்தேன். பஸ்ஸில் வரும்போது வரிசையாகச் சொல்லிப் பார்த்த வாக்கியம் எதுவும் நினைவில் இல்லை. டாக்டர் அன்று சொன்னதிலிருந்து ஆரம்பிக்கப் பார்த்தேன். அது நியாயம் பேசுவது போல இருந்ததால் நிறுத்திவிட்டேன். நான் சொன்னது இவ்வளவுதான்:

"மதினி, அன்னைக்கு நான் ரெண்டுலயும் வெள்ளைதான் வச்சேன்."

அவருக்கு உடனே புரியவில்லை. இன்னும் இரண்டு புளியை உடைத்தார். பிறகு அவர் கை நின்றது.

"ரெண்டுலயுமா?"

"ஆமா."

"அப்ப சாமி ஒண்ணும் சொல்லல."

"சொல்லல. நான்தான் சொன்னேன்."

அடிப்பார் என்று நினைத்தேன். வெளியே போ என்பார் என்று நினைத்தேன். அவர் முந்தானையால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தை நான் பார்க்கவில்லை. தரையில் கிடந்த புளியங்கொட்டைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அவரு போகாம இருந்திருந்தா பொழச்சிருப்பாரோ, அப்பவும் செத்திருப்பாரோ. அது எனக்குத் தெரியாது, ஒங்களுக்கும் தெரியாது. அத விடுங்க" என்றார். குரல் மிகவும் தணிந்திருந்தது. "பதினோரு வருசமா நான் அந்த அய்யனார வாய்க்கு வந்தபடி திட்டுனேன் கொழுந்தனாரே. நாயே பேயேன்னு திட்டுனேன். ஒரு குத்தமும் செய்யாதவர. நீங்க பக்கத்துலயே இருந்து பாத்துக்கிட்டுத்தான இருந்தீக?"

எப்போதும் தம்பி என்றுதான் கூப்பிடுவார். அன்று கொழுந்தனாரே என்றார்.

எழுந்து முகம் கழுவி வேறு சேலை கட்டிக்கொண்டு வந்தார். "என்கிட்டச் சொன்னத அங்குட்டு வந்து சொல்லுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தார். நான் பின்னால் போனேன். அவருக்கு மூட்டுவலி, நடுவில் இரண்டு முறை நின்றார். நான் கை கொடுக்கப் போனேன். அவர் வேலியைப் பிடித்துக்கொண்டார்.

கோயிலில் யாரும் இல்லை. பெரிய பொட்டல், உடைந்த பழைய குதிரைகள், கருப்பர் சன்னிதியின் சாத்திய கதவு. மாணவப் பருவத்துக்குப் பிறகு முதல் முறையாக அங்கே செருப்பைக் கழற்றினேன். தரை சுட்டது. மதினி அய்யனாருக்கு எதிரே போய் நின்று, "சொல்லுங்க, காது கேக்கும் அவருக்கு" என்றார்.

எழுபத்து நான்கு வயதில், படித்த மனிதன், சாயம் போன ஒரு சுதைச் சிலைக்கு முன்னால் வியர்த்து நின்றேன். எதிரே இருப்பது சுதை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் பயம் குறையவில்லை. பொட்டலம் கட்டியதைச் சொன்னேன். சிவப்பை மண்ணில் மூடியதைச் சொன்னேன். மதினி திட்டியதெல்லாம் என்னைச் சேர வேண்டியது என்று சொன்னேன். சொல்லி முடித்தபோது எதுவும் நடக்கவில்லை. கூரையில் புறாக்கள் கத்திக்கொண்டிருந்தன. ஏதாவது நடந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

மதினி தரையில் நெற்றி படும்படி விழுந்து வெகுநேரம் கிடந்தார். எழுந்தபோது என்னைத் தாங்கிப் பிடிக்க விட்டார். அது மன்னிப்பு இல்லை. அவரால் தானாக எழ முடியவில்லை, அவ்வளவுதான்.

அந்த வாரமே பிடிமண் கொடுத்தார். புரவி எடுத்தார்கள். மழை அதற்குப் பிறகும் சரியாகப் பெய்யவில்லை. மதினி வீட்டில் இப்போது தினமும் விளக்கு எரிகிறது என்று கேள்விப்பட்டேன். நான் போனால் உட்காரச் சொல்கிறார், சாப்பாடு போடுகிறார். எதிரே உட்கார்ந்து பேசுவதில்லை. யாரிடமும் இதைச் சொல்லவும் இல்லை. எனக்காகவா, செத்துப்போன அண்ணனுக்காகவா, தெரியவில்லை. கேட்கவும் பயம்.

ஆனால் அன்று கோயிலில் நான் முழுவதையும் சொல்லவில்லை. மதினி விளக்கை எடுத்துப் பரணில் வைத்த அன்று நான் வாயைத் திறக்காமல் இருந்ததற்குப் பயம் மட்டும் காரணமில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அண்ணனை இழந்து பதினேழு நாள்கூட ஆகவில்லை, அந்தத் துக்கத்துக்கு நடுவில், கடைசியில் இந்த வீட்டில் ஒருவராவது என் பக்கம் வந்தார் என்று உள்ளுக்குள் ஒரு பெருமை எழுந்தது. காரைக்குடிக்குத் திரும்பியதும் என் மனைவியிடம் அதைச் சொல்லவும் செய்தேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

சிலைக்கு முன்னால் நின்றபோது அதுவும் தொண்டை வரை வந்தது. பக்கத்தில் மதினி கைகூப்பி நின்றிருந்தார். விழுங்கிவிட்டேன். அவர் காதில் விழாமல் அதைத் தனியாகப் போய்ச் சொல்லிவிட்டு வரலாம் என்று மூன்று முறை பஸ் ஏறினேன். மூன்று முறையும் கோயில் நிறுத்தத்தில் இறங்காமல் ஊருக்குள் போய், வந்த பஸ்ஸிலேயே திரும்பிவிட்டேன்.