அடிபட்ட மூஸைத் தேடிப் போன கார்

சாலையில் அடிபட்டும் சாகாமல் கிடக்கும் விலங்குகளைக் கொன்று முடிப்பதுதான் தோர்டிஸின் வேலை. கோப்பாங் ஊராட்சி அதற்காக ஒரு துப்பாக்கியும், ராயா என்ற மோப்ப நாயும் கொடுத்திருந்தது. பதினாறு வருடத்தில் எத்தனை மூஸ் மான்களைச் சுட்டாள் என்று அவள் எண்ணியதில்லை. முதுகெலும்பு முறிந்த குட்டியொன்று அவள் பூட்ஸை நக்கிய நாளை மட்டும் மறக்க முடியவில்லை.

ஐம்பத்து மூன்று வயதில், மணமுறிவுக்குப் பிறகு வீட்டை விற்று, விலை உயர்ந்த மின்கார் ஒன்றை வாங்கினாள். கூட வேலை பார்க்கும் ஓட்வார் சும்மா விடவில்லை.

"என்ன தோர்டிஸ், பல் டாக்டர் பொண்டாட்டி மாதிரி வந்து எறங்குற? ரத்தக் கத்திய எங்க வைப்ப, மடியிலயா?"

அவள் முன்பக்க மூடியைத் திறந்தாள். எஞ்சின் இருக்க வேண்டிய இடத்தில் ஆழமான தொட்டி, அதன் அடியில் தண்ணீர் வெளியேற ஒரு துளை, அதற்கு ஒரு அடைப்பான்.

"கயிறு, கோடாலி, எல்லாம் இதுல. தண்ணியப் பீச்சி அடிச்சா ரத்தம் கீழ ஓடிரும். வித்தவன் இதப் பத்தி மூச்சே விடல. எவ்வளவு வேகம் போகும்னே பேசிக்கிட்டிருந்தான்."

பிப்ரவரியில் ஒரு நண்பகல். குளிர் பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தாறு டிகிரி. மரம் ஏற்றிய லாரி ஒன்று இரண்டு மூஸ்களை மோதியிருந்தது. பெண் மூஸ் குடல் சரிந்து செத்துக் கிடந்தது. ஆண், பின்னங்கால் தொங்கக் காட்டுக்குள் ஓடிவிட்டது என்றான் லாரிக்காரன்.

ரத்தத் தடத்தைப் பார்த்தபடி, வெட்டிய மரங்களை இழுத்துவரும் காட்டுப் பாதையில் தோர்டிஸும் ஓட்வாரும் காரில் போனார்கள். தடம் காட்டுக்குள் திரும்பிய இடத்தில் இறங்கி ஐம்பது அடி கூட நடக்கவில்லை. பனியில் படுத்திருந்த மூஸ் மூன்று கால்களில் எழுந்து பாய்ந்தது. நாயின் கயிற்றை ஓட்வார் மணிக்கட்டில் சுற்றியிருந்தான். ராயாவை இழுக்கப் போய் அவனே விழுந்தான். முன்னங்குளம்புகள் அவன் மார்பில் இறங்கின. ஒரு முறை, இன்னொரு முறை. விறகு முறிவது போலச் சத்தம் கேட்டது.

தோர்டிஸ் சுட்டாள். அவசரத்தில் குண்டு தோளில் பட்டது. மூஸ் அவள் பக்கம் திரும்பி உதைத்ததில் கன்னம் கிழிந்தது. மறுபடி குறிபார்ப்பதற்குள் அது மரங்களுக்குள் நொண்டிப் போய்விட்டது.

உதவிக்குப் போன் செய்தபோது, மூடுபனியால் ஹெலிகாப்டர் வராது என்றார்கள். ஆம்புலன்ஸ் எல்வெரும் பக்கத்திலிருந்து வர வேண்டும். அவள் ஓட்வாரைக் கோட்டைப் பிடித்துக் கார் வரை இழுத்தாள். பொத்தானை அழுத்தியதும் கார் தன் உடம்பைத் தரையோடு தாழ்த்திக்கொண்டது. அந்த ஒரு சாண் உயரம் குறைந்திராவிட்டால் அவனை உள்ளே ஏற்றியிருக்க முடியாது. ராயா பின்னால் தாவி ஏறியது. இருக்கை படுக்கையாக விரிந்தது, அவன் முதுகுக்கடியில் சூடு ஏறியது. வெளுத்துப்போன அவள் விரல்களுக்கு ஸ்டீயரிங்கின் வெப்பம் உயிர் கொடுத்தது.

பள்ளங்களைக் கார் விழுங்கிக்கொண்டு போனது. உள்ளே அவன் மூச்சைத் தவிர வேறு சத்தமில்லை. அவளுடைய பழைய டீசல் வண்டியில் இது கேட்டிருக்காது. மூச்சில் நீர் கொதிப்பது போல ஒரு ஒலி சேர்ந்தது. பிறகு நின்றேவிட்டது.

காரை நிறுத்தி அவனைப் புரட்டினாள். வாய்க்குள் விரல்விட்டு ரத்தக் கட்டியை இழுத்தாள்.

"துப்பு! ஓட்வார், துப்புடா!"

அவன் அவள் விரலைக் கடித்தான். பிறகு இருமினான். வழியில் இப்படி மூன்று முறை நின்றாள்.

"வண்டி... பரவால்ல," என்று முனகினான்.

"வாய மூடு. மூச்ச மட்டும் விடு."

பாதி வழியில் ஆம்புலன்ஸ் எதிரே வந்தது. ஏழு விலா எலும்புகள் முறிந்திருந்தன, ஒரு நுரையீரல் சுருங்கியிருந்தது. பிழைத்துக்கொண்டான். ஆனால் திரும்ப அந்த வேலைக்கு வரவில்லை.

மறுநாள் காலை, கன்னத்தில் தையலோடு அவள் மட்டும் ராயாவை அழைத்துக்கொண்டு போனாள். மூஸ் ஒரு மரத்தடியில் உயிரோடு கிடந்தது. இமை மயிரில் பனி உறைந்திருந்தது. எழ முயன்று முடியாமல் அவளையே பார்த்தது. காதுக்குக் கீழே துப்பாக்கிக் குழலை வைத்து, இந்த முறை அவசரப்படாமல் சுட்டாள்.

பிறகு ஊராட்சிக்குப் போன் செய்தாள்.

"ஆண். ஏழு வயசிருக்கும். நேத்து நான் சரியாச் சுடல. ராத்திரி பூரா உயிரோட கெடந்துருக்கு. அதையும் எழுதிக்கோங்க."