பெரியப்பாவின் வாளி

பெரியப்பா செத்த அன்று வந்தவர்கள் எல்லோரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள். "ஜாலியான மனுசன்." மாலையோடு வந்தவர் சொன்னார். கோப்பி குடித்துவிட்டுப் போனவர் சொன்னார். பண்டமாரானிலிருந்து லோரி பிடித்து வந்த அவருடைய வேட்டைக் கூட்டாளிகள், பெட்டிக்குப் பக்கத்தில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார்கள். பொய் சொல்வானேன், அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அவருடைய வாளி நாற்றம்தான்.

ஜாலியான மனுசன்தான், யார் இல்லை என்றது? ரயில்வேயில் ஓய்வு பெற்ற மற்ற கிழவர்கள் கோயிலுக்குப் போனார்கள், பேரப்பிள்ளைகளைப் பள்ளியில் கொண்டுபோய் விட்டார்கள். இவர் கப்சாய் மோட்டார்சைக்கிளை உதைத்துக்கொண்டு ஊர் சுற்றினார். ஈயம் தோண்டிவிட்டுப் போன பழைய குட்டைகளில் நீந்துவார். அறுபது தாண்டிய பிறகும் ரம்புத்தான் மரத்தின் உச்சியில் ஏறி உட்கார்ந்துகொண்டு பாடுவார். வாரத்துக்கு ஒரு நாள் ஜெஞ்சாரோம் பக்கம் செம்பனைக் காடுகளுக்குள் கூட்டாளிகளோடு நுழைந்தால், ஊர்ந்து போவது, பறந்து போவது எதையும் விட்டுவைப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் பின்சந்தில் ஹார்ன் சத்தம் கேட்டால், நீல வாளி வந்துவிட்டது என்று அர்த்தம். அது சுவருக்கு அடிக்கும் சாயம் அடைத்து வந்த பழைய வாளி. மூடியை ரப்பர் குழாயால் இறுக்கிக் கட்டியிருப்பார். உள்ளே உடும்பு இருக்கும், பழந்தின்னி வௌவால் இருக்கும், சில நாள் இன்னதென்று சொல்ல முடியாத ஏதோ ஒன்று இருக்கும்.

ஒரு தீபாவளிக்கு எனக்கு ஒரு பிஸ்கட் டின்னைப் பரிசாகக் கொடுத்தார். ஆசையாகத் திறந்தேன். உயிருள்ள வௌவால் குட்டி ஒன்று ஈரமாக என் கழுத்தில் வந்து ஒட்டிக்கொண்டது. சீ! புதுப் பாவாடை முழுக்க வாந்தி. வீடே விழுந்து விழுந்து சிரித்தது. சாகும்வரை அந்தக் கதையை அவர் நிறுத்தவில்லை. என் கல்யாணப் பந்தலில்கூட மாப்பிள்ளை வீட்டாரிடம் நடித்துக் காட்டினார். நன்றாகத்தான் நடித்தார். பல்லைக் கடித்துக்கொண்டு நானும் சிரித்துத் தொலைத்தேன்.

நான் ஒரு நாள் வாந்தி எடுத்தேன், அவ்வளவுதான். என் பெரியம்மாவோ கிள்ளானில் சைவக் குடும்பத்தில் பிறந்தவர். முட்டைகூட வாசல்படி தாண்டாத வீடு. பெண் கேட்டுப் போனவர்கள் "மாப்பிள்ளைக்கு வேட்டையில கொஞ்சம் இஷ்டம்" என்றார்களாம். துப்பாக்கி வைத்திருக்கும் பெரிய இடம் போலிருக்கிறது என்று நினைத்து, பெரியம்மாவின் அப்பா உடனே தலையாட்டிவிட்டாராம். துப்பாக்கியாவது ஒன்றாவது! கல்யாணமான மறுவாரமே வாளிதான் வந்தது.

முப்பது வருடங்களுக்கு மேல் அந்த வாளியில் வந்ததையெல்லாம் பெரியம்மா தன் அடுப்பில் ஆக்கிப்போட்டார். மூக்கில் தைலம் தடவி, அதன்மேல் துண்டை இறுக்கிக் கட்டிக்கொள்வார். வௌவாலின் ரோமத்தைத் தீயில் பொசுக்கும்போது, மயிர் கருகுகிற நாற்றமும் மூத்திர நாற்றமும் சேர்ந்து அடுத்த வீட்டு ஜன்னல்களைச் சாத்த வைக்கும். எல்லாம் முடிந்ததும் தரையைப் பினாயில் ஊற்றிக் கழுவுவார், தலைக்குக் குளிப்பார், ஈரக்கூந்தலோடு பின்வாசலில் தனியாக உட்கார்ந்து ரசச்சோறு சாப்பிடுவார். உள்ளே கூட்டாளிகளோடு உட்கார்ந்திருக்கும் பெரியப்பா எலும்பை உறிஞ்சிக்கொண்டே கத்துவார்.

"உப்பு பத்தல லா! வாயில வச்சுப் பாத்தா என்னா, செத்தா போயிடுவ?"

பெரியம்மா வாழ்நாளில் அவரிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். பின்சந்தில் ஒரு கரியடுப்பு சும்மா கிடந்தது. "அந்தக் கருமத்த வெளிய வச்சு ஆக்கிக்கிறேங்க. இந்த அடுப்ப மட்டும் எனக்கு விட்டுடுங்க" என்று கேட்டார். "வெளிய ஆக்குனா நாய்க்கு ஆக்குன மாதிரி இருக்கும்" என்று சொல்லிவிட்டார் பெரியப்பா. அதையும் ஒரு வேடிக்கைக் கதையாக்கிக் கூட்டாளிகளிடம் சொல்லிச் சிரித்தார். பெரியம்மா பிறகு கேட்கவே இல்லை.

மரத்திலிருந்து விழுவார், குட்டையில் மூழ்குவார், பாம்பு கடிக்கும் என்றெல்லாம் நாங்கள் எதிர்பார்த்திருந்தோம். மனுசன் உடும்புக்கறி சாப்பிட்டுவிட்டுச் சாய்வு நாற்காலியில் தூங்கினார், எழுந்திருக்கவில்லை. அந்த நேரத்தில் பெரியம்மா கறிச்சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதனால் என் அப்பாதான் தம்பி முறையில் எல்லாக் காரியத்தையும் செய்தார். எட்டாம் நாள் படையல். செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் இலையில் வைத்து, கதவைச் சாத்திவிட்டு வெளியே நிற்பது வழக்கம். உள்ளே அவர் வந்து சாப்பிட்டுவிட்டுப் போவாராம். அன்று காலையிலேயே கிள்ளானிலிருந்து அத்தை வந்து இறங்கினார். பெரியப்பாவுக்கும் என் அப்பாவுக்கும் ஒரே தங்கச்சி.

"அண்ணி, அண்ணனுக்குப் பிடிச்சது உடும்புக்கறி. அத வைக்கலன்னா ஆத்மா எப்படி அடங்கும்?"

பெரியம்மா தலை நிமிரவில்லை. "எனக்கு முடியல, தங்கச்சி."

"கடையிலயா விக்குது வாங்கியாந்து வைக்க? உங்க கையால ஆக்குனாத்தான் அண்ணனுக்கு எறங்கும்."

அந்தப் பேச்சு முடிவதற்குள் பின்சந்தில் லோரி வந்து நின்றது. கூட்டாளிகள் இறங்கினார்கள். ஒருத்தர் கையில் அதே நீல வாளி, சாவன்றே எடுத்துப் போயிருக்கிறார்கள். காட்டுக்குப் போய், தோலுரித்து, துண்டு போட்டே கொண்டுவந்திருந்தார்கள். "அண்ணனுக்காக" என்று தழுதழுத்தார் ஒருவர். அவர் வாயில் காலையிலேயே தண்ணி வாடை. பெரியம்மாவிடம் சொல்லிக் கொஞ்சம் வீட்டுக்குத் தாப்பாவ் கட்டி எடுத்துப் போகலாம் என்று இன்னொருவர் கிசுகிசுத்தது என் காதில் விழுந்தது. அட, எச்சில் பொறுக்கிகளா! ஆத்மா யாருடையது, நாக்கு யாருடையது என்று எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. "இருந்தும் கெடுத்தான், செத்தும் கெடுத்தான்" என்று என் அம்மா பல்லிடுக்கில் முணுமுணுத்தார்.

பெரியம்மா வாளியை வாங்கிக்கொண்டார். பின்சந்துக்குப் போய் அந்தக் கரியடுப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்து, சமையலறைக் கதவை உள்ளே தாழிட்டார். உள்ளே பாத்திரச் சத்தம் கேட்டதும், கறி ஆக்குகிறார் என்று முன்பக்கம் எல்லோரும் திருப்தியாக உட்கார்ந்துவிட்டார்கள். மூக்கில் துண்டு கட்டவில்லை என்பதை நான் மட்டும் கவனித்தேன்.

இலை போட்டார்கள். கூட்டாளிகள் கறுப்பு பீர் போத்தலையும் சிகரெட்டையும் வைத்தார்கள். பெரியம்மா ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து பரிமாறினார். சோறு, பருப்பு, ரசம், வாழைக்காய்ப் பொரியல், அப்பளம், பாயசம். அத்தை இலையைப் பார்த்தார், அடுக்களைப் பக்கம் பார்த்தார்.

"கறி எங்க அண்ணி?"

"ஆக்கல."

"ஆக்கலயா? என்னா பேசுறீங்க?"

"இத்தன வருசமா அவருக்குப் பிடிச்சத நான் ஆக்கிப்போட்டேன். ஒரே ஒரு நாள், நான் சாப்பிடுறத அவரு சாப்பிட்டுப் பாக்கட்டும்."

அத்தை தலையில் அடித்துக்கொண்டு அழுதார். கூட்டாளிகள் ஆளாளுக்குக் கத்தினார்கள். அப்பா சூடம் ஏற்றினார். கதவைச் சாத்தினோம், நின்றோம், திறந்தோம். இலையிலிருந்து கொஞ்சம் சோற்றை எடுத்துப் போய் வாசலில் காக்காய்க்கு வைத்தார் அப்பா. கா, கா என்று கூப்பிட்டுப் பார்த்தார். பிரிக்ஃபீல்ட்ஸில் இல்லாத காக்காயா? ஒன்றுகூட வரவில்லை.

"பாத்தீங்களா? கோவிச்சிக்கிட்டாரு!" என்றார் அத்தை வெற்றியோடு.

அப்போதுதான் பின்சந்தில் அந்த இரைச்சல் கேட்டது. எல்லோரும் ஓடினோம். மூடி கழன்று வாளி கவிழ்ந்து கிடந்தது. அதன்மேல் கறுகறுவென்று காக்காய்கள். இழுத்துக்கொண்டும், கொத்திக்கொண்டும், ஒன்றின் வாயிலிருந்து இன்னொன்று பிடுங்கிக்கொண்டும், ரத்தத் தண்ணீரில் மிதித்துக் குதித்தன. எனக்கு அந்தத் தீபாவளி வாந்தி மறுபடியும் தொண்டைவரை வந்தது. தண்ணி வாடைக்காரர் இரண்டு கையையும் தலைக்குமேல் கூப்பினார்.

"அண்ணே வந்துட்டாரு! அண்ணே!"

அத்தை பெரியம்மாவின் கையைப் பிடித்து உலுக்கினார். "கேக்குறாரு அண்ணி, வாய்விட்டுக் கேக்குறாரு! மிச்சம் இருக்கிறதயாவது கொண்டுபோய் ஆக்கிப்போடுங்க!"

பெரியம்மா காக்காய்களையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் முகத்தில் கோபம் இல்லை. புதிதாக எதையோ கண்டுபிடித்தவர் முகம்.

"எதுக்கு ஆக்கணும்? பச்சையாவே சாப்பிடுறாரே! இது தெரியாம இத்தன வருசம் மூக்கக் கட்டிக்கிட்டு ஆக்கிப்போட்டேனே, பாவி."

உள்ளே போய் அந்தக் கறிச்சட்டியை எடுத்துவந்து வாளிக்குப் பக்கத்தில் வைத்தார். திரும்பிப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அதற்குப் பிறகு பெரியம்மாவின் அடுப்பில் முட்டைகூட வேகவில்லை.