கோத்திரம்: ரெண்டாவது டிவிஷன்

புதுக்கோயில் கும்பாபிஷேகத்துக்கு எங்கள் வீட்டில் யாரும் போகவில்லை. வீடு தேடி வந்து அழைக்கவில்லை என்பது அம்மாவின் கோபம். "ரோட்டோரம் அவ்ளோ பெரிய பேனர் கட்டியிருக்காங்க, அதுக்கு மேல என்னா வேணும் உங்களுக்கு?" என்று அண்ணன் கேட்டான். "பேனர் ஊருக்கு லா. எனக்கு எங்க?" என்று சொல்லிவிட்டு அம்மா டிவி சத்தத்தைக் கூட்டினார். கூட்டமெல்லாம் ஓய்ந்து, மண்டலாபிஷேகமும் முடிந்த பிறகு, ஒரு புதன்கிழமை காலையில் அவராகவே பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வந்து நின்றார். நான் வேலைக்கு விடுப்பு சொன்னேன். அண்ணன் போர்டிக்சனிலிருந்து, நானும் அம்மாவும் இருக்கும் பாரோய்க்கு வந்து எங்களைக் காரில் ஏற்றிக்கொண்டான்.

கோபப்பட அம்மாவுக்கு உரிமை உண்டு. நாங்கள் இருந்த ரப்பர் எஸ்டேட்டை விற்று, லயத்து வீடுகளை இடித்து, அங்கே தாமான் என்ற புதுக் குடியிருப்பு கட்டப்போகிறோம் என்றபோது, எங்கள் மாரியம்மனைப் பெயர்த்தெடுத்து லாரியில் ஏற்றியவர்கள், எஸ்டேட்டில் எங்கள் பகுதியான ரெண்டாவது டிவிஷன்காரர்கள். லாரியை ஓட்டியவன் அண்ணன். கல்லில் கீறல் விழக் கூடாதென்று அம்மா எங்கள் வீட்டு மெத்தையை இழுத்துக்கொண்டு வந்து லாரியில் விரித்தார். சாமி படுத்த மெத்தையில் மனுஷர் படுக்கக் கூடாது என்று பிறகு அவரே தீர்ப்பும் சொல்லிவிட்டார். அந்த வருஷம் முழுக்க நாங்கள் பாயில்தான் படுத்தோம். எனக்கு அப்போது பதினாறு வயது. முதுகு வலித்தது ஞாபகம் இருக்கிறது, பக்தி ஏதும் இருந்ததாக ஞாபகம் இல்லை.

அதன்பின் பல வருஷம் மனு எழுதி, அலைந்து, கடைசியில் தாமான் ஓரத்தில் ஒரு துண்டு நிலம் கிடைத்தது. அந்த நிலத்தில்தான் இப்போது கோயில் நிற்கிறது. கோபுரம் அழகாகத்தான் இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். உள்ளே பளிங்குத் தரை கால் வழுக்கியது. நுழைவாயிலில் கல்வெட்டு ஒன்று பதித்திருந்தார்கள். திருப்பணிக் குழு, திறந்து வைத்தவர், வண்ணம் பூசியவர் வரை எல்லார் பெயரும் அதில் இருந்தன. இரண்டு முறை படித்தேன். எஸ்டேட் என்ற சொல் ஓர் இடத்தில்கூட இல்லை. எனக்குக் காது சூடேறிவிட்டது.

அம்மா கல்வெட்டுப் பக்கம் திரும்பவே இல்லை. நேராகக் கருவறைக்கு முன்னால் போய் நின்று எட்டி எட்டிப் பார்த்தார். எங்கள் அம்மனுக்கு இடது கண் கொஞ்சம் பெரிது. செதுக்கியவரின் கைத்தவறு அது. எங்களுக்கு அதுதான் அடையாளம். இப்போது முகம் உட்பட வெள்ளிக் கவசம் சாத்தியிருந்தார்கள். இரண்டு கண்ணும் ஒரே அளவில் இருந்தன.

"இவதானா?" என்று அம்மா கேட்டார்.

"அவதான்மா. உள்ள இருக்கா" என்றான் அண்ணன்.

"எனக்கே இவள அடையாளம் தெரியல. இவளுக்கு மட்டும் நம்மள எப்படித் தெரியும்? பேரச் சொல்லி அர்ச்சன பண்ணணும்."

அம்மாவின் கவலை எனக்குப் புரிந்தது. பழைய கோயிலில் எங்கள் பூசாரி பகலில் பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுக்கிறவர். மந்திரம் என்று பெரிதாக ஒன்றும் தெரியாது. சூடத்தைக் காட்டி, "ஆத்தா, ரெண்டாவது டிவிஷன், ஏழாம் நம்பர் வீட்டுக்காரங்க வந்திருக்காங்க, பாத்துக்க" என்பார். பெரட்டில், அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும்போது, எஸ்டேட் கணக்கரான கிராணி பெயர் கூப்பிடுவதும் ஏறக்குறைய இப்படித்தான். விடியுமுன் களத்தில் அம்மா உட்பட எல்லாரும் வரிசையாக நிற்க, கிராணி செக்ரோல் என்ற பெயர்ப் பதிவேட்டைப் பார்த்து டிவிஷனைச் சொல்லிப் பெயரைக் கூப்பிடுவார். "இருக்கேன்" என்று உரக்கச் சொல்ல வேண்டும். சொல்லாதவருக்கு அன்றைக்கு வேலை கிடையாது.

நான் போய் அர்ச்சனைச் சீட்டு வாங்கி மூன்று பேர் பெயரையும் எழுதிக்கொண்டு வந்தேன். அர்ச்சகர் தமிழ்நாட்டிலிருந்து வந்த இளைஞர், சாதுவான முகம். சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "கோத்திரம் சொல்லுங்கோம்மா" என்றார்.

அம்மா சேலையைச் சரிசெய்துகொண்டார். முதுகு நிமிர்ந்தது.

"ரெண்டாவது டிவிஷன்" என்றார்.

அர்ச்சகர் விழித்தார். எங்களுக்குப் பின்னால் வெள்ளைச் சட்டையில் நின்றிருந்த ஆலயக் குழு ஆள் ஒருவர் களுக்கென்று சிரித்தார். என் புத்தியைச் சொல்லுங்கள், அந்த நேரத்தில் நான் அம்மாவின் முழங்கையைப் பிடித்து, "சிவகோத்திரம்னு சொல்லுங்கம்மா" என்று கிசுகிசுத்தேன். கோத்திரம் தெரியாதவர்கள் எல்லாரும் சொல்கிற பதில் அது. டவுனுக்கு வந்த பிறகு நானும் எத்தனையோ கோயில்களில் அப்படிச் சொல்லித் தப்பித்திருக்கிறேன்.

"அது யாரு? எனக்குத் தெரியாது" என்றார் அம்மா, கொஞ்சமும் குரலைத் தணிக்காமல். "நாம ரெண்டாவது டிவிஷன். அவளுக்கு அப்படிச் சொன்னாத்தான் தெரியும்."

குழு ஆள் முன்னால் வந்தார். நல்ல மனிதர்போலத்தான் பேசினார், அதுதான் இன்னும் எரிச்சல். "அம்மா, இது எஸ்டேட் கோயில் இல்ல லா. ஆகமப்படி கட்டுனது. டிவிஷன்லாம் கோத்திரம் ஆகாதும்மா."

"ஆகமம் கட்டட்டும், நான் வேணாங்கல. உள்ள இருக்காளே, அவ எந்த ஊருன்னு உங்க ஆகமத்தக் கேளுங்க. என் மெத்தையில படுத்து வந்தவ அவ."

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. எப்படி விளங்கும்? கல்வெட்டில் மெத்தையைப் பற்றி எழுதவில்லையே. அவர் இன்னொரு முறை சிரித்தார். அந்தச் சிரிப்பில் எனக்கு வெட்கமெல்லாம் போய்விட்டது. அம்மாவின் முழங்கையைப் பிடித்த என் கைமேலேயே ஆத்திரம் வந்தது.

"ஐயரே, சீட்டுல எழுதியிருந்தா படிப்பீங்களா?" என்று கேட்டேன்.

"சீட்டுல என்ன இருக்கோ அதைப் படிக்கிறதுதானே என் வேலை" என்றார் அவர் மெதுவாக. குழு ஆளைப் பார்க்காமல்தான் சொன்னார்.

கைப்பையிலிருந்து பேனா எடுத்தேன். அவரிடமிருந்து சீட்டை வாங்கி, கோத்திரம் என்று அச்சடித்து வெறுமையாக விட்டிருந்த கோட்டின்மேல், கொட்டை எழுத்தில் 'ரெண்டாவது டிவிஷன்' என்று எழுதினேன். இரண்டாவது என்று திருத்தவில்லை. அம்மா சொன்னபடியே எழுதினேன்.

"யம்மா, நாளைக்கு எல்லாரும் இப்படி எழுதுவாங்க" என்றார் குழு ஆள்.

"எழுதட்டும் பாஸ். மொத டிவிஷன்காரங்களும் வரட்டும், மூனாவது டிவிஷன்காரங்களும் வரட்டும்" என்றான் அண்ணன். அதுவரை அர்ச்சனைத் தட்டைப் பிடித்துக்கொண்டு ஒதுங்கி நின்றவன் அவன்.

அர்ச்சகர் உள்ளே போனார். சங்கல்பம் சொல்லத் தொடங்கினார். ஊர், திதி, நட்சத்திரம் என்று வேகமாக ஓடிய சமஸ்கிருதம் ஓர் இடத்தில் சற்றுத் தயங்கியது. பிறகு கணீரென்று வந்தது: "ரெண்டாவது டிவிஷன் கோத்ரோத்பவாயாஹ..."

அதைத் தொடர்ந்து அம்மாவின் பெயர்.

"இருக்கேன்!" என்றார் அம்மா.

மண்டபமே அதிர்ந்தது. அந்தக் குரலை நான் கேட்டு எத்தனை வருஷம் இருக்கும்! தூணருகே தேங்காய் உரித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். அர்ச்சகர் ஒரு கணம் நிறுத்திவிட்டு, அடுத்த பெயரைச் சொன்னார். அண்ணன் கையில் தட்டு இல்லை இப்போது, இரண்டு கையையும் பக்கவாட்டில் வைத்து நின்று, "இருக்கேன்" என்றான்.

நான் பெரட்டில் நின்றவள் இல்லை. ஒரு நாளும் பால்வாளி தூக்கியவளும் இல்லை. படித்து, ஏசி அறையில் உட்கார்ந்து, சிவகோத்திரம் சொல்லிப் பழகியவள். குழு ஆள் இன்னும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவதாக என் பெயர் வந்தது. அவர் முகத்தைப் பார்த்தபடியே சொன்னேன்: "இருக்கேன்."