இடப்பக்க வாசல்

வீட்டுக்கு வந்தவரை "வாங்க" என்று கேட்காமல் விட்டால் எங்கள் ஊர்ப்பக்கம் அது சின்னக் குற்றமில்லை. மகளுக்குப் பேசி முடித்திருந்த மாப்பிள்ளையின் அம்மா அந்தியூரிலிருந்து வந்து, என் நாற்காலிக்கு இடப்பக்க வாசலில் நின்றிருக்கிறார். நான் வலப்பக்கம் இருந்தவர்களோடு பேசிக்கொண்டே இருந்தேன். தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

"ஏனுங்க, சம்மந்தம் புடிக்கலீன்னா நேராச் சொல்லியிருக்கலாமுங்க" என்றார் போனில். நான் பார்க்கவே இல்லை என்றேன். என் கணவரே அதை நம்பவில்லை.

அன்று சாப்பிடும்போது தட்டின் இடப்பாதிச் சோறு அப்படியே கிடப்பதை மகள்தான் பார்த்தாள். உடனே காரை எடுக்கச் சொன்னாள். கோவை ஆஸ்பத்திரியில், பக்கவாதம் (மூளை ரத்தக்குழாய் அடைப்பு) என்றார்கள். கை கால் தப்பின. இடப்பக்கம் ஒன்று இருப்பதையே மூளை விட்டுவிட்டது.

"கண்ணு நல்லாத்தான் இருக்குதுங்க" என்றார் டாக்டரம்மா. "மனசு எதைப் புடிச்சு வெச்சிருக்குதோ, கண்ணு அங்கதான் போகும். 'இடது'ன்னு நெனச்சுட்டே பாருங்க, தெரியும். நடுவுல பேச்சுக் குடுத்தா நழுவிருமுங்க." அப்படிப் பிடித்து வைப்பதன் பெயர் செயல்நினைவு (காரியம் முடியும்வரை மனம் தாங்கும் நினைவு). என்னுடையதில் ஒரு கைப்பிடி அளவுதான் கொள்ளும்.

விஷயம் தெரிந்ததும் சம்பந்தியம்மா ஆஸ்பத்திரிக்கே வந்து என் கையைப் பிடித்து அழுதார். கல்யாணம் நடந்தது. "இடது, இடது" என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு, யாரிடமும் பேசாமல், மணமேடையை முழுதாகப் பார்த்தேன். பொண்ணோட அம்மாவுக்குத் தலைக்கனம் என்று யாரோ சொன்னார்களாம். சொல்லட்டும்.

வீட்டில் வெண்டைக்காயைப் பரப்பிவைத்துப் பொறுக்கிப் பழகுகிறேன். யாரும் பேச்சுக் கொடுக்காமல் விட்டால் எல்லாம் கைக்கு வரும். "மேட்டுப்பாளையம் பஸ் போயிருச்சா?" என்று கணவர் கேட்டால் போதும், இடப்பக்கத்துக் காய்கள் மேசையிலேயே கிடக்கும். பாதித் தட்டுக்காரி என்று கேலி செய்வார். சிரித்துவிட்டு அழுவேன்.

கல்யாணத்துக்குப் பிறகு மகள் முதன்முறை வருவதாகச் சொன்ன நாள். அவளுக்குப் பிடித்த பச்சைப்பயறுக் குழம்புக்கு என்னென்ன வாங்க வேண்டும் என்று கணவரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். மனம் முழுக்க அவள்தான்.

"அம்மா, வான்னு ஒரு வார்த்தை கேக்க மாட்டீங்களா?"

இடப்பக்க வாசலில், பையைக் கீழே வைக்காமல் நின்றிருந்தாள். நோய் தெரிந்தவள்தான். ஆனாலும் கண் கலங்கியிருந்தது.

"வா கண்ணு" என்றேன்.

எவ்வளவு நேரமாக நின்றாள் என்று நான் கேட்கவில்லை. அவள் நின்ற அந்த நேரம் எனக்கு நடக்கவே இல்லை.