நாளுக்கு நான்கு தரம் கழுவிய கைகள்

அம்மாவின் முதல் வருட ஆட்டைத் திவசத்துக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கே இதை எழுதியிருக்க வேண்டும். பலமுறை தொடங்கினேன். ஒவ்வொரு முறையும் "பண்பும் பாசமும் நிறைந்த" என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. அதை எல்லா அம்மாக்களுக்கும் எழுதலாம். "நீதானே படிச்சனி, நீ எழுதாமல் ஆர் எழுதுறது?" என்று பக்கத்து வளவு மாமி ஒரு வருடமாகக் கேட்டுக்கொண்டேயிருந்தார். எனவே எனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றைப் பற்றி எழுதுகிறேன். அது அம்மாவின் கைகள்.

அம்மா பிறந்தது வட்டக்கச்சியில். அவரது பெற்றோர் குடாநாட்டிலிருந்து குடியேற்றத் திட்டக் காணி கிடைத்து வந்தவர்கள். அந்தக் காணியிலேயே அம்மா வளர்ந்தார், அப்பாவை மணந்தார், தாழ்வில் நெல்லும் மேட்டில் மிளகாயும் கத்தரியும் செய்தார். இடப்பெயர்வும் முகாமும் உங்களில் பலருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியவை அல்ல. திரும்பி வந்தபோது வீட்டில் குசினிச் சுவர் ஒன்றுதான் நின்றது. அம்மா முதலில் கிணற்றை இறைப்பித்தார். அடுத்தது மிளகாய் நாற்றுமேடை, அதற்கு மேலே தென்னங்கிடுகுப் பந்தல். எங்கள் கூரை அதற்குப் பிறகுதான். "மிளகாய்க் கண்டுக்குப் பந்தல், எங்களுக்கு வானம்" என்று அப்பா அதைக் கடைசிவரை சொல்லிச் சிரிப்பார்.

நான் வவுனியாவில் கம்பசில் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தபோது அப்பாவின் சிறுநீரகங்கள் இரண்டும் செயலிழந்தன. வயிற்றில் ஒரு குழாய் வைத்து, அதன் வழியே ஒரு பை மருந்து நீரை உள்ளே விட்டு, சில மணித்தியாலம் கழித்து அதை வெளியே எடுத்து, புதிய பையை விடவேண்டும். நாளுக்கு நான்கு தரம். எங்கள் வீட்டில் இதற்குப் பெயர் "பை மாத்திறது". அம்மா ஐந்தே நாளில் பழகிக்கொண்டார். ஒவ்வொரு தரமும் முழங்கை வரை சவர்க்காரம் போட்டு, மணிக்கூட்டைப் பார்த்துக் கைகழுவ வேண்டும். இடையிடையே தோட்டம், தோட்டத்தால் வந்தால் திரும்பக் கழுவல். மூன்றே மாதத்தில் விரல் மடிப்புகள் எல்லாம் வெடித்தன. பெருவிரல் நுனியில் ஒரு வெடிப்பு, சோறு பிசையும்போது இரத்தம் வரும்.

அம்மா அதற்குத் தன் வைத்தியத்தைச் செய்தார். உடுப்புத் தோய்க்கும் சவர்க்காரத்தால் கழுவி, பாதித் தேசிக்காயைப் புளி வடியத் தேய்த்து, கிருமிநாசினியைத் தண்ணீர் கலக்காமல் ஊற்றுவார்.

"எரியேல்லையோ அம்மா?"

"எரிஞ்சால்தானே பிள்ளை கிருமி சாகும்."

ஒரு காலை அப்பாவிடமிருந்து வெளியே வந்த நீர் கஞ்சித்தண்ணீர் போலக் கலங்கியிருந்தது. வயிற்றில் கிருமி. வைத்தியசாலையில் படுக்கையில் போட்டார்கள். பைகளுக்குப் பொறுப்பான தாதி அம்மாவின் கைகளைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அம்மா, உந்தக் கையோட பை மாத்தேலாது. வெடிப்புக்குள்ளதான் கிருமி குடியிருக்கிறது. இனி ஒருக்கா இப்பிடி வந்தா குழாயைக் கழட்ட வேண்டிவரும். வீட்டிலை வேறை ஆரும் இருக்கினமோ?"

நான் அம்மாவுக்குப் பக்கத்தில்தான் நின்றேன்.

"வேறை ஒருத்தரும் இல்லை, மிசி" என்றார் அம்மா.

தாதி என்னைப் பார்த்தார். "அவ படிக்கிறா" என்றார் அம்மா, அதோடு கதை முடிந்தது என்பது போல.

மூன்று கிழமை, இருபத்தொரு நாள், தவணை தந்தார்கள். அப்பா வார்டில் இருக்கட்டும். அதற்குள் கைப்புண் ஆறினால் அம்மா பை மாற்றலாம், ஆறாவிட்டால் நான் படிப்பை நிறுத்திவிட்டு வந்து பழகவேண்டும். எனக்கு எதிலும் அவசரம். அன்றைக்கே ஐந்து வைத்தியம் கண்டுபிடித்தேன். கற்றாழை, மஞ்சள், தேங்காயெண்ணெய், தேன், மணமுள்ள ஒரு கிறீம். எல்லாவற்றையும் ஒன்றாகத் தொடங்கினேன், நேர அட்டவணை கீறி அலுமாரியில் ஒட்டினேன். நான்காம் நாள் அம்மாவின் புறங்கை சிவந்து, தடித்து, தினவெடுத்தது. முதல் கிழமை அப்படியே போனது.

தாதி என்னைத்தான் ஏசினார். "உம்மடை பரிசோதனைக்கு அம்மாவே கிடைச்சவா? எல்லாத்தையும் நிப்பாட்டும். இவ்வளவும் வேண்டாம், ஒண்டு காணும்."

அந்த ஒன்று மிகவும் சாதாரணமானது. சுடுநீர் வேண்டாம், தோய்க்கிற சவர்க்காரம் வேண்டாம், தேசிக்காய் வேண்டவே வேண்டாம். மணமில்லாத மெல்லிய சவர்க்காரம். துடைக்கும்போது தேய்க்காமல் ஒற்றி எடுக்கவேண்டும். ஈரம் முழுதாகக் காயமுன்னர் மருந்துக்கடையில் விற்கும் மணமில்லாத கட்டிக் களிம்பைப் பூசவேண்டும். திரும்பப் பை மாற்றத் தொடங்கியதும், மாற்றுமுன்னர் பூசக்கூடாது, மாற்றி முடிந்த பிறகுதான். மத்தியானம் படுக்கும்போது தடிப்பாகப் பூசி, மேலே பருத்தித் துணி. தோட்டத்தில் உள்ளே துணிக் கையுறை, வெளியே றப்பர் கையுறை.

பருத்தித் துணிக்கு என் பழைய பள்ளிக்கூடக் காலுறைகளைப் போட்டுவிட்டேன். மாமி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"என்ன மச்சாள், கையாலை நடக்கப் போறியளோ?"

"ஓம். கால் களைச்சுப் போச்சு, இனிக் கையாலை நடந்து பாப்பம்."

கையுறையைத்தான் அம்மாவால் ஏற்க முடியவில்லை. "உதைப் போட்டா எது புல்லு, எது கண்டு எண்டு விரலுக்குத் தெரியேல்லை பிள்ளை. ரெண்டையும் சேர்த்துப் பிடுங்கிப்போடுறன்." பழகிவிடும் என்றேன். "பாப்பம்" என்றார்.

மூன்றாம் கிழமை முடிவில் தாதி திரும்பவும் கைகளை வெளிச்சத்தில் பிடித்தார். பெருவிரல் வெடிப்பு மூடியிருந்தது. அம்மாவின் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை, தாதியின் முகத்தையே பார்த்தேன். "இது காணும், அப்பாவைக் கூட்டிக்கொண்டு போங்கோ" என்றார். அடுத்த திங்கள் நான் பஸ் ஏறினேன். ஓமந்தை தாண்டும்போது பாடக் குறிப்புகளை எடுத்துப் படிக்கத் தொடங்கிவிட்டேன்.

அதற்குப் பிறகு அப்பா இரண்டு வருடத்துக்கு மேல் இருந்தார். நீர் ஒருமுறையும் கலங்கவில்லை. அவரைக் கொண்டுபோனது இதயம். வெள்ளிக்கிழமைகளில் நான் வரும்போது கொடியில் இரண்டு சோடிக் கையுறைகள் நனைந்து தொங்கும். மேட்டில் மிளகாய் காய்த்துக் கிடக்கும். "தோட்டம் எப்பிடி அம்மா?" என்று கேட்பேன். "நல்லாத்தான் இருக்கு" என்பார். என் வைத்தியம் வென்றுவிட்டதென்று சிநேகிதிகளிடம் பெருமையடித்திருக்கிறேன்.

அப்பா போனபின் அம்மா பத்து மாதம் இருந்தார். வெறுங்கையோடு தோட்டத்தில் இறங்கினார். யாருக்காக இனிக் கையைப் பார்ப்பது என்று நினைத்தாரோ என்னவோ. ஒரு காலை கிணற்றடியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருந்தவர், வைத்தியசாலைக்குப் போகும் வழியில் எங்களை விட்டுப் பிரிந்தார்.

அந்தியேட்டியன்று பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது மாமி அப்பா அம்மாவின் கதையை எடுத்தார்: "கொப்பர் இருக்கும்வரைக்கும் கொம்மா அந்தத் தோட்டத்துக்கை இறங்கேல்லை, தெரியுமே? கையுறை ஒரு கிழமையும் சரிவரேல்லை. வேலியடியிலை நிண்டு சொல்லுவா, நான் செய்வன். 'அங்கை ஒரு புல்லு விட்டிட்டீர்' எண்டு ஒரே கரைச்சல்."

"கையுறை கொடியிலை கிடந்ததே, மாமி?"

"அது நீ வாற நாளிலை நனைச்சுப் போடுறது."

முதலில் சிரித்துவிட்டேன். பிறகு சட்டிகளை அப்படியே விட்டுவிட்டு நிலத்தில் இருந்தேன். கூரைக்கு முதல் நாற்றுமேடை போட்டவர் இரண்டு வருடம் வேலிக்கு வெளியே நின்றிருக்கிறார். உண்மை தெரிந்தால் நான் படிப்பை விட்டுவிடுவேன் என்று பயந்திருக்கிறார்.

அப்படி விட்டிருப்பேனா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. மேடு வீட்டிலிருந்து முப்பது அடி. எந்தச் சனிக்கிழமையும் இறங்கிப் போய் அந்த மிளகாய்த் தறைகளின் வரிசைகளை ஒழுங்காகப் பார்த்திருந்தால், அது அம்மாவின் கைவேலை அல்ல என்று கண்டிருப்பேன். அம்மா வரிசை கோணாமல் நடுகிறவர். நான் இறங்கவில்லை.

அப்பாவைக் கவனித்த வைத்தியர்களுக்கும், என்னை ஏசிய தாதிக்கும், இறுதிக் கிரியைகளில் தோள்கொடுத்த அயலவர்களுக்கும், தூர இடங்களிலிருந்து பஸ் பிடித்து வந்த உறவினர்களுக்கும், அன்று தொடக்கம் இன்றுவரை அந்த மேட்டைக் காயவிடாத மாமிக்கும் நான் கடமைப்பட்டிருக்கிறேன். எல்லோரும் இருந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும்.

அம்மாவுக்கு நன்றி சொல்ல மட்டும் பிந்திவிட்டேன். அவர் இருக்கும்போது சொல்லியிருந்தால், அவர் தோட்டத்தில் இறங்குவதில்லை என்று எனக்குப் பாதி தெரியும் என்பதை முதலில் ஒத்துக்கொள்ள வேண்டியிருந்திருக்கும்.

மகள்
வட்டக்கச்சி